எந்தக் குடும்பத்தை நாம் இழந்தோம்?

சில ஆண்டுகளுக்கு முன், திருக்குடும்பத் திருவிழாவன்று நாம் ஆற்றிய மறையுரை ஒன்று இன்னும் நம் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. அன்று நாம் அந்தக் காலத்துக் குடும்பங்களைப் பற்றிப் பேசினோம். ஒரே கூரையின் கீழ் தாத்தாவும் பாட்டியும், அண்ணனும் தம்பியும், மருமக்களும் பேரப்பிள்ளைகளும் கூடி வாழ்ந்தார்கள். ஓர் அடுப்பில் பொங்கினார்கள். ஒன்றாக முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னார்கள். அந்தப் பொற்காலம் போய்விட்டது என்று வருந்தினோம். மக்கள் தலையாட்டினார்கள். மறையுரை நன்றாக அமைந்தது என்ற நிறைவோடு சக்கிறீஸ்துக்குத் திரும்பினோம்.

அங்கே ஒரு தாய் காத்திருந்தார். கணவரை இளவயதிலேயே இழந்தவர். இரண்டு பெண்பிள்ளைகளைக் கூலி வேலை செய்து வளர்த்தவர். "சாமி, நீங்க சொன்ன குடும்பம் எங்க வீடு இல்லைங்க. அப்போ நாங்க குடும்பம் இல்லையா?" என்று கேட்டார். சினந்து கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். நாம் ஏதோ ஆறுதல் மொழி கூறி அனுப்பிவைத்தோம். அன்று மாலை பங்கின் குடும்பப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் அவர் கேள்வியின் ஆழம் விளங்கியது. அவர் பெயர் அதில் தனிக் குடும்பமாக இல்லை. அண்ணன் வீட்டுப் பக்கத்தின் அடியில், 'தங்கை, விதவை' என்று ஒரு வரியில் இருந்தது. திருவிழா வரி தண்டும் தலைக்கட்டுப் பட்டியலிலும் அவருக்கு இடமில்லை. வரி இல்லை, ஆகவே ஊர்க் கூட்டத்தில் குரலும் இல்லை.

நாம் புகழ்ந்து பேசிய அந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது? அது நம் முன்னோர் வாழ்ந்த வாழ்க்கையா? அல்லது நாம் படித்தும் பார்த்தும் மனத்தில் தீட்டிக்கொண்ட ஓவியமா? இந்தக் கேள்வியோடு நம் பழைய நூல்களை மீண்டும் புரட்டினோம். கண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பியம் காட்டும் தனிமனை

திருவள்ளுவர் இல்லறவியலுக்கு இருபது அதிகாரங்களை ஒதுக்கினார். இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணை, மக்கட்பேறு, அன்பு, விருந்தோம்பல் என அவை விரிகின்றன. அவற்றுள் கூட்டுக்குடும்பத்திற்கென ஓர் அதிகாரம் இல்லை. கணவன், மனைவி, மக்கள் என்ற வட்டத்திலிருந்து அவர் நேரே விருந்தினருக்கும் ஊருக்கும் செல்கிறார்.

சிலப்பதிகாரம் இன்னும் தெளிவான சான்றைத் தருகிறது. புகார் நகரின் பெருவணிகர் வீட்டுப் பிள்ளைகளான கோவலனும் கண்ணகியும் மணமுடித்தபின், கோவலனின் தாய் அவர்களைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. தனிமனை ஒன்றில் குடியமர்த்தி, விருந்து போற்றி இல்லறம் நடத்தக் கற்கும்படி விடுகிறார். 'மனையறம் படுத்த காதை' என்ற பெயரே அதைக் குறிக்கிறது. செல்வமும் இடமும் நிறைந்த குடும்பத்திலேயே மணமக்களைத் தனியே வாழவைப்பது தாயின் கடமையாக எண்ணப்பட்டது. பின்னாளில் செட்டிநாட்டில் எழுந்த பெரும் மாளிகைகளைப் பார்ப்போர் அவற்றைக் கூட்டுக்குடும்பத்தின் கோட்டைகள் என எண்ணுவர். ஆனால் அங்கும் மணமான மகனை 'வேறு வைத்தல்' என்ற வழக்கம் உண்டு. ஒரே வீட்டுக்குள் தனித்தனி அடுப்புகள் எரிந்தன.

எண்களும் இதையே கூறுகின்றன. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டிய மதிப்பீடுகளின்படி, இந்தியரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 32 ஆண்டுகளே. குழந்தை இறப்புகள் மிகுந்திருந்தமையால்தான் இந்த எண் இவ்வளவு தாழ்ந்தது. முப்பதைத் தாண்டியோர் எல்லாரும் உடனே மாண்டனர் என்பது இதன் பொருளன்று. ஆயினும் பேறுகாலத்தில் தாய்மாரும், காலராவிலும் மலேரியாவிலும் தந்தையரும் மாண்ட காலம் அது. பேரப்பிள்ளைகளின் திருமணம் வரை வாழ்ந்த தாத்தா எத்தனை பேர்? மணமான இரண்டு மூன்று மகன்களோடு முதுமை கண்ட பெற்றோர் எத்தனை பேர்? சமூகவியல் அறிஞர் ஏ. எம். ஷா 1973இல் வெளியிட்ட ஆய்வு நூலில், பழைய இந்தியாவில் எங்கும் பெருங்குடும்பங்களே நிறைந்திருந்தன என்ற நம்பிக்கையை வினாவுக்குள்ளாக்கினார். கூட்டுக்குடும்பம் ஒரு விழுமியமாகப் பரவலாக மதிக்கப்பட்டது. ஆனால் அதில் வாழும் வாய்ப்பு, நிலமும் நீண்ட ஆயுளும் பெற்றோர்க்கே எளிதில் கிட்டியது.

நீதிபதி எழுதிய குடும்பக் கதை

தமிழின் முதல் புதினத்தை எழுதியவர் ஒரு கத்தோலிக்கர் என்பது நமக்குப் பெருமை. திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. பெருமையோடு நின்றுவிடாமல் அக்கதைக்குள் நுழைந்து பார்த்தால், நாம் எதிர்பாராத குடும்பம் ஒன்றைக் காண்கிறோம்.

பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் நடக்கவிருந்த திருமணம் ஏன் தடைப்படுகிறது? மணமக்கள் எந்த வீட்டில் வாழ்வது என்ற வழக்கினால். மாப்பிள்ளை தம் வீட்டோடு இருக்கவேண்டும் என்று பெண்ணின் தந்தை வற்புறுத்துகிறார். பிள்ளையின் தந்தை மறுக்கிறார். பெரியோரின் பிடிவாதத்தால் இளையோரின் வாழ்வு தள்ளாடுகிறது. கூட்டுக்குடும்பத்தின் புகழ்பாட வந்த நூல் என்று நாம் நினைத்திருந்தால், முதல் சில அத்தியாயங்களிலேயே அந்நினைவு கலைந்துவிடும். பாகப்பிரிவினைக்கும் வாரிசுரிமைக்கும் தீர்ப்பு எழுதிய ஒருவருக்கு, குடும்பம் என்பது பாசம் மட்டுமன்று, பத்திரமும்கூட என்பது தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் பெண் கல்விக்காகத் தனி நூல் எழுதினார். தம் கதையிலும் கணவனைவிட மதிநுட்பம் மிக்கவளாக மனைவியைப் படைத்தார். ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். அக்காலத்தில் அவளால் பெண்வேடத்தில் ஆள முடியவில்லை என்பதும் சிந்திக்கத்தக்கது.

ஆனால் அந்நூலின் எல்லையையும் நாம் நேர்மையோடு சொல்லவேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் எண்ணற்ற ஏழைக் குடும்பங்களைச் சிதறடித்தது. கங்காணிகளின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் உண்டு. கஞ்சித்தொட்டிகளில் பிள்ளைகளைத் தொலைத்தவர்கள் உண்டு. வேதநாயகம் பிள்ளை அப்பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பலரைக் காத்தவர். எனினும் அவர் புதினத்தின் நடுவில் நிற்பது செல்வர் வீடுதான். அன்று எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்களின் வீடு எதுவோ, அதுவே இலக்கியத்தில் 'குடும்பம்' ஆயிற்று.

அடுத்து வந்தோரும் குடும்பத்தைப் பொற்சிலையாக்கவில்லை. ராஜமய்யர் 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் எழுதிய 'கமலாம்பாள் சரித்திர'த்தில், ஒற்றுமையாக வாழ்ந்த அண்ணன் தம்பி வீட்டுக்குள் பொறாமையும் புறங்கூறலும் புகுந்து பாசத்தைத் தின்றுவிடுகின்றன. மாதவையா 1903இல் வெளியிட்ட 'முத்துமீனாக்ஷி', சிறுவயதில் மணமாகிக் கைம்பெண்ணான ஒருத்தியின் கண்வழியே அதே வீட்டின் உட்புறத்தைக் காட்டியது. ஆக, 'அந்தக் காலம்' என்று நாம் ஏங்கும் அந்தக் காலத்திலேயே, அக்காலத்து எழுத்தாளர்கள் வீட்டுக்குள் கேட்ட அழுகையைப் பதிவு செய்துவிட்டார்கள்.

ஒரே வீடு, இரண்டு முடிவுகள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைந்தது. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையை எழுதினார். மழைநாளில் ஏமாற்றப்பட்டுக் கற்பிழந்ததாக அழும் மகளை, அவள் தாய் தலையில் நீரூற்றிக் குளிப்பாட்டி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். கதை வெளிவந்ததும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 'நல்ல குடும்பத்தில்' இப்படி நடக்குமா என்று பலர் சினந்தனர்.

பின்னர் அதே ஆசிரியர், அந்தத் தாய் ஊரறிய அழுது அரற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி ஒரு புதினம் எழுதினார். அதுவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில் அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். குடும்பத்தின் மானம் காக்கப்படுகிறது. குடும்பத்தின் மகள் கைவிடப்படுகிறாள். 1972இல் இந்நூல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். வீடு ஒன்றே, நிகழ்வும் ஒன்றே. குடும்பம் தன் பெயரைக் காப்பதா, தன் பிள்ளையைக் காப்பதா என்ற தேர்வில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஆண்டுகள் பல அமர்ந்த நமக்கு, இத்தேர்வு கதையில் மட்டும் நிகழ்வதன்று என்பது தெரியும்.

நம் மக்கள் கதைக்குள் வந்த நாள்

கத்தோலிக்கக் குடும்பங்கள் இலக்கியத்தில் எவ்வாறு இடம்பெற்றன? வீரமாமுனிவர் 1726இல் நிறைவுசெய்த 'தேம்பாவணி' சூசையப்பரையே காப்பியத் தலைவராக்கியது. உழைக்கும் தச்சர் ஒருவரின் இல்லத்தை, 3615 பாடல்களில், அரசர்க்குரிய அணிகலன்கள் பூட்டிப் பாடியது. ஆனால் நம் ஊர்த் தச்சனும் மீனவனும் வண்ணானும் தம் சொந்த உடையில் கதைக்குள் வர இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. கடற்கரைக் கத்தோலிக்க மீனவர் வாழ்வைக் கூறும் அந்நூலில், மகன் படித்து வெளியூரில் வேலைக்குப் போய்விடுகிறான். வல்லத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடுமாறு தந்தையை அழைக்கிறான். தந்தைக்கோ வல்லம் வெறும் உடைமையன்று. கடலில் விசைப்படகுகள் வந்து, வல்லக்காரருக்கும் அவற்றுக்கும் பகை மூளும் காலம் அது. கடலில் புகுந்த எந்திரம் வீட்டுக்குள்ளும் புகுந்து தந்தையையும் மகனையும் பிரிக்கிறது. குடும்பம் கலைவது பிள்ளைகளின் நன்றிகெட்டதனத்தால்தான் என்று எளிதில் தீர்ப்பிடும் நாம், பிழைப்பு மாறும்போது உறவும் மாறும் என்பதை இந்நூலில் கற்கலாம்.

பாமாவின் 'கருக்கு' 1992இலும் 'சங்கதி' 1994இலும் வெளிவந்தன. அதே 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. தலித் மக்களின் துணியை வெளுத்து, அவர்கள் தரும் சோற்றிலும் தானியத்திலும் வாழும் ஆரோக்கியம், சவுரி என்ற கிறிஸ்தவத் தம்பதியின் கதை அது. ஊரும் காலமும் மாற, அவர்களின் பிழைப்பு கரைகிறது, குடும்பமும் சிதைகிறது. 1994ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுக் குடும்ப ஆண்டாக அறிவித்திருந்தது. எத்தனையோ கருத்தரங்குகள் நடந்தன. நாமும் சிலவற்றில் உரையாற்றினோம். நம் மந்தையைச் சேர்ந்த ஆரோக்கியத்தின் வீட்டை நாம் அன்று ஒருமுறைகூடக் குறிப்பிடவில்லை. முதல் தமிழ்ப் புதினத்திற்கும் அவள் கதைக்கும் இடையே 115 ஆண்டுகள். அவள் இருந்தாள், எழுதப்படவில்லை.

வரவேற்பறைக்குள் வந்த குடும்பம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1984 சூலையில் தில்லியிலிருந்து 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் ஒளிபரப்பாயிற்று. மக்கள் நலக் கருத்துகளைத் தொடர்கதைக்குள் வைத்துக் கூறும் முறையை மெக்சிகோ நாட்டிலிருந்து கற்று உருவாக்கிய தொடர் அது. குடிகாரத் தந்தை, எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் தாய் பாக்வந்தி, தாத்தா, பாட்டி, ஐந்து பிள்ளைகள் என ஒரு கீழ்நடுத்தரக் குடும்பம். இவ்வாறு அடங்கிக்கிடக்கவேண்டாம் என்று பெண்களுக்கு உணர்த்தவே பாக்வந்தி படைக்கப்பட்டாள். ஆனால் சிங்கல், ராஜர்ஸ் என்ற ஆய்வாளர்கள் பார்வையாளரைக் கேட்டபோது, கணிசமானோர் அவளையே பின்பற்றத்தக்க முன்மாதிரியாகக் கூறினர். எச்சரிக்கையாக வரைந்த படம் இலட்சியமாகப் பார்க்கப்பட்டது! மேடையில் பேசும் நமக்கும் இது எச்சரிக்கை. நாம் சொல்வது ஒன்று. கேட்போர் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வது வேறொன்று. அத்தொடருக்கு விளம்பரம் தந்தது இரண்டு நிமிடத்தில் சமைக்கும் நூடுல்ஸ். கூட்டுக்குடும்பத்தின் கதையைக் காட்டி, கூட்டுச் சமையல் தேவைப்படாத உணவை விற்றார்கள்.

திரைப்படத்தில் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' 1986இல் வந்து பெருவெற்றி பெற்றது. வீட்டின் நடுவே கோடு கிழிக்கும் காட்சியைப் பலர் நினைவுகூர்வர். அப்படத்தின் முடிவை நினைவுகூர்வோர் குறைவு. பிளவுபட்ட குடும்பம் மீண்டும் ஒன்றுகூட விரும்பும்போது, அதைச் சேர்த்துவைக்கப் பாடுபட்ட மூத்த மருமகளே வேண்டாம் என்கிறாள். தள்ளி வாழ்ந்து, அவ்வப்போது கூடி, அன்பைக் கெடாமல் காப்போம் என்கிறாள். கோவலனின் தாய் கொண்ட அதே தெளிவு!

1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. 1999 இறுதியில் தொடங்கிய 'சித்தி' 2001 வரை தமிழகத்தைக் கட்டிப்போட்டது. அதன்பின் 2002 முதல் 2005 வரை 'மெட்டி ஒலி', 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்'. தொடர் முடிந்த பிறகே செபமாலை என்று நம் பங்கிலும் நேரம் மாறியதை நாம் அறிவோம். அத்தொடர்களை முழுதாகப் பழிப்பது நியாயமன்று. 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் கவலையில் பல தந்தையர் தம்மைக் கண்டு கண்ணீர் விட்டனர். ஆனால் நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஒரு கட்டாயம் உண்டு: பிணக்கு தீரக்கூடாது. தீர்ந்தால் கதை முடிந்துவிடும். மன்னிப்பு என்பது கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்கப்படும் பொருளாகிறது. பெரிய கூடம், மாடிப்படி, புகையில்லாத சமையலறை ஆகியவற்றுக்குள், யாரும் ரேஷன் கடைக்குப் போகாத, யாரும் வட்டி கட்டாத ஒரு கூட்டுக்குடும்பம் ஆண்டுக்கணக்கில் சதிசெய்தபடி வாழ்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு வீட்டில் வாழ்வோர் சராசரியாக நான்கு பேருக்கும் சற்றுக் குறைவு. அந்த நால்வர் அமர்ந்து, இருபது பேர் வாழும் வீட்டைப் பார்க்கிறார்கள்.

மறையுரையில் நாம் தீட்டிய பொற்காலத்துக்கும் இந்தத் தொடர் வீட்டுக்கும் அப்படியொன்றும் பெரிய வேறுபாடில்லை. ஒன்றில் எல்லாரும் நல்லவர். மற்றொன்றில் பாதிப்பேர் தீயவர். இரண்டிலும் அந்தக் கூலித்தாய்க்கு இடமில்லை.

மறையின் வீடு

திருவிவிலியம் இப்படிப்பட்ட படம் எதையும் நமக்குத் தரவில்லை. ஆபிரகாமின் வீட்டிலிருந்து ஆகார் பிள்ளையோடு பாலைநிலத்துக்குத் துரத்தப்படுகிறாள். யாக்கோபு அண்ணனை ஏமாற்றுகிறார். சகோதரர்கள் யோசேப்பை விற்றுவிடுகின்றனர். தாவீது தம் மகன் அப்சலோமுக்காகக் கதறுகிறார். நாசரேத்துக் குடும்பமோ அகதியாய் எகிப்துக்கு ஓடிய குடும்பம். அதற்கான திருவிழாவும் பழங்காலத்திலிருந்தே அனைத்துலகத் திருச்சபையில் இருந்ததன்று. தொழிற்புரட்சி குடும்பங்களை அலைக்கழித்த காலத்தில், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1893இல் அதனை ஏற்படுத்தினார். 1921இல்தான் அது உலகெங்கும் விரிந்தது. சிதறும் வீடுகளுக்கு ஆறுதலாக வந்த திருவிழாவை, சிதறாத வீடுகளின் பெருமைவிழாவாக நாம் ஆக்கிவிட்டோம்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட குடும்பம் பற்றிய ஊக்கவுரையைக் குருமாணவர்க்கு விளக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியதுண்டு. அதன் இறுதிப்பகுதியில், குடும்பம் அற்றோரைப் பற்றி அவர் பேசுகிறார். இவ்வுலகில் குடும்பம் இல்லாதவர் எவருமில்லை, திருச்சபையே அவர்கள் அனைவரின் வீடு என்கிறார். அதை விளக்கிய நாமே, நம் பதிவேட்டில் ஒருவரின் வீட்டை அழித்து வைத்திருந்தோம்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் குடும்பப் பதிவேட்டைப் புதிதாக எழுதினோம். அன்பியப் பொறுப்பாளர்களோடு வீடு வீடாகச் சென்றோம். அந்தத் தாயின் வீட்டுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, 'குடும்பத் தலைவி' என்று அவர் பெயரை எழுதினோம். தலைக்கட்டுப் பட்டியலிலும் பெயர் சேரவேண்டும் என்று ஊர்ப் பெரியோரிடம் சொன்னபோது எளிதில் இசையவில்லை. "வழக்கமில்லையே, சாமி" என்றார்கள். வேதநாயகம் பிள்ளை காலத்திலும் பெண்கள் படிப்பது வழக்கமில்லைதான் என்றோம். இரண்டு கூட்டங்களுக்குப் பின் இசைந்தார்கள். அவரைப் போன்ற மற்றும் பதினொரு வீடுகள் அப்பட்டியலில் ஏறின.

அவ்வாண்டுத் திருவிழாவுக்கு அந்தத் தாய் தம் வரிப்பணத்தைத் தாமே கொண்டுவந்தார். பணத்தை எண்ணி வைத்துவிட்டு, "ரசீதுல என் பேரு போடுங்க, சாமி" என்றார். போட்டுக் கொடுத்தோம். அதை இரண்டாக மடித்து, செபமாலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.